பருவும் பழக்கமும்: எமது இளைஞர்களின் முகத்தைக் காப்போம்

சென்ற பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, விதைநெல் தேவை பற்றிக் கதைப்பதற்காக மூதூர் கிழக்கிலே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரரோடு முற்றத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருக்கையில், அவருடைய மூத்த மகன் துவாயால் முகத்தை மூடியபடி வேலியோரமாக நழுவிப் போனான். "ஏன் தம்பி ஒளிக்கிறான்?" என்று கேட்டேன்.

"அவன் இப்ப ஒருத்தரோடயும் கதைக்கிறதில்ல, பாதர். திருகோணமலையில கராஜ் வேலைக்குப் போனவன். அதையும் விட்டுட்டு வந்திட்டான். எல்லாம் இந்த முகப்பருவால வந்தது" என்று தாய் சொன்னார்.

கிணற்றடியில் அவனைத் தனியே கண்டு கதைத்தேன். துவாயை எடுத்தான். கன்னம் இரண்டும் சிவந்து, தோல் மெலிந்து, பரு நிறைந்து கிடந்தது. சிநேகிதன் ஒருவனின் கலியாணத்துக்கு முன்னர் முகம் வெளுக்க வேண்டும் என்று, பெயரோ தயாரித்தவர் விபரமோ இல்லாத சிறிய டப்பாக் கிறீம் ஒன்றை வாங்கிப் பூசியிருக்கிறான். முதல் 2 கிழமையும் முகம் பளபளத்ததாம். பின்னர் பூசாவிட்டால் எரிவும் பருவும். பூசினால் சற்று ஆறுதல். இப்படியே 8 மாதம் கழிந்துவிட்டது.

கடைசியாக, நிலத்தைப் பார்த்தபடி அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "பாதர், கூடாத பழக்கத்தாலதான் பரு வருது எண்டு பெடியன்கள் சொல்றாங்க. உண்மையா?"

கூடாத பழக்கங்கள் சில உண்டு. ஆனால் அவன் நினைத்துப் பயந்த பழக்கம் அதுவல்ல. எவை உண்மையான காரணங்கள், அவற்றை எப்படி மாற்றலாம் என்பதை எமது குடும்பங்கள் எல்லாம் அறிந்திருப்பது நல்லது.

பரு எப்படி உண்டாகிறது?

எமது தோலில் உள்ள மயிர்த்துவாரங்களோடு சேர்ந்து சிறிய எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. தோல் காய்ந்து வெடிக்காமல் காப்பது அவை சுரக்கும் நெய்யே. பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் உடல் பருவமடையும்போது ஆண்மைக்குரிய ஓமோன் கூடுகிறது. அது இந்தச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகிறது. நெய் அதிகமாகச் சுரக்க, துவாரத்தின் உட்சுவரிலிருந்து உதிரும் இறந்த தோற்கலங்களும் அதோடு சேர்ந்து துவாரத்தை அடைத்துவிடுகின்றன. தூர்ந்துபோன வாய்க்காலில் தண்ணீர் தேங்குவதைப் போல உள்ளே நெய் தேங்குகிறது. எல்லோருடைய தோலிலும் சாதாரணமாக வாழும் ஒரு வகைப் பக்டீரியா அங்கே பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் உண்டாகின்றன. இதுவே பரு.

ஆண்களுக்கு இந்த ஓமோன் கூடுதலாக இருப்பதால், கடுமையான பருவும் ஆழமான தழும்பும் அவர்களிடமே அதிகம். முகத்தில் மட்டுமல்ல, முதுகிலும் தோளிலும் நெஞ்சிலும் வரும். இளம் வயதினரில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் குறையாமல் ஏதோ ஓர் அளவில் பரு வந்து போகிறது. சிலருக்கு முப்பது வயது தாண்டியும் தொடரலாம். தகப்பனுக்குக் கடுமையாக வந்திருந்தால் மகனுக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

எது காரணம் அல்ல?

முதலாவது, அழுக்கு காரணம் அல்ல. கரும்புள்ளியின் கருமை ஊத்தை என்று பலர் நினைத்துத் தேய்க்கிறார்கள். அது அடைபட்ட நெய்யும் தோலின் நிறப்பொருளும் காற்றுப் பட்டுக் கறுத்த நிறம், தேய்த்தால் போகாது.

இரண்டாவது, அந்தத் தம்பி கேட்ட விடயம். சுய இன்பத்துக்கும் பருவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டும் ஒரே வயதில் தொடங்குவதால் ஒன்றினால் மற்றது வந்ததாகச் சனங்கள் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கலியாணம் கட்டினால் பரு போகும் என்பதும் அப்படியே. பருவைப் பார்த்து ஒரு பிள்ளையின் ஒழுக்கத்தை எடைபோடுவது பெரிய அநியாயம். இதை ஒரு குருவானவராகவே எழுதுகிறேன்.

மூன்றாவது, பரு தொற்றுநோய் அல்ல. பருவுள்ள பிள்ளையை ஒதுக்கி இருத்த வேண்டியதில்லை.

முகாமில் படிந்த பழக்கங்கள்

ஓமோனை எம்மால் மாற்ற முடியாது. ஆனால் வந்த பருவைப் பெருக்குவதும், தழும்பாக்குவதும் எமது அன்றாடப் பழக்கங்களே. சம்பூர்ப் பகுதி மக்கள் 2006ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தார்கள். பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்படும் வரை கிளிவெட்டி, கட்டைபறிச்சான் போன்ற இடங்களில் முகாம்களில் இருந்தார்கள். இந்த மாவட்டத்தின் வேறு பல கிராமங்களுக்கும் இதுபோன்ற கதை உண்டு. ஒரு கட்டிச் சவர்க்காரம் முழுக் குடும்பத்துக்கும், ஒரு துவாய் நாலு பேருக்கும், நிவாரணக் கோதுமை மாவும் சீனித் தேநீரும் சாப்பாடு என்று வாழ்ந்த காலம் அது. அன்று அது எமது குற்றமல்ல. வேறு வழி இருக்கவில்லை. ஆனால் காணிக்குத் திரும்பிய பின்னரும் அந்தப் பழக்கங்கள் எம்மோடு கூடவே வந்துவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கிள்ளுதலும் நசுக்குதலும். பருவை நசுக்கும்போது வெளியே வருவதைவிட உள்ளே உடைந்து பரவுவதுதான் அதிகம். அதனால் வீக்கம் கூடி, பள்ளமான தழும்பு நிரந்தரமாகிறது. எமது போன்ற கறுத்த, மாநிறத் தோலில் பரு ஆறிய இடத்தில் கரும்புள்ளி பல மாதம் நிற்கும். நசுக்கினால் இன்னும் நீடிக்கும். கை தானாகவே முகத்துக்குப் போகிறவர்கள், சிறிய கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடிக்கடி பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள்.

2. உடுப்புச் சவர்க்காரமும் தேய்ப்பும். குருமடத்தில் மாணவனாக இருந்தபோது எனக்கும் பரு வந்தது. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தால் நாளுக்கு 5 தடவை முகம் கழுவினேன். இரவில் பற்பசை பூசினேன். முகம் வெந்து உரிந்ததே தவிர, பரு குறையவில்லை. உடுப்புச் சவர்க்காரம் தோலுக்கு மிகக் காரமானது. அது தோலின் காப்பைக் கெடுத்து எரிவை உண்டாக்கும். மிருதுவான குளியற் சவர்க்காரத்தால் காலையும் மாலையும், நன்றாக வியர்த்த பின்னரும் விரல்களால் மெல்லக் கழுவினால் போதும். தும்பு, கல், கரடுமுரடான துணி வேண்டாம். தண்ணீர் தட்டுப்பாடான இடத்திலும் ஒரு செம்புத் தண்ணீர் முகத்துக்குப் போதும். கன்னியா வெந்நீரில் குளிப்பது உடற்களைப்புக்கு இதமாக இருக்கலாம். பருவுக்கு அது மருந்தல்ல.

தேசிக்காய்ச் சாறும் அப்பச்சோடாவும் பூசுகிறவர்களுக்கும் ஒரு சொல். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழுந்து, தீச்சுட்டது போன்ற கறுப்பு விழும். வயலில் நிற்கிறவனுக்கு இது மிகவும் கூடாது.

3. பொதுத் துவாயும் பொதுச் சவரக்கத்தியும். பரு தொற்றாது. ஆனால் சீழ்க் கட்டி, சிரங்கு என்பன துவாயால் தொற்றும். ஒருவர் பாவித்த பிளேட்டை மற்றவர் பாவித்தால் ஈரல் அழற்சி பி, சி ஆகியவையும் எச்.ஐ.வி.யும்கூடத் தொற்றக்கூடும். ஆகவே ஆளுக்கொரு துவாய், ஆளுக்கொரு சவரக்கத்தி வேண்டும். சலூனில் புதுப் பிளேட் போடச் சொல்லிக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

குளித்து மயிர் மிருதுவான பின்னர், மயிர் வளரும் திசையிலேயே, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வழிக்காமல் சவரம் செய்யுங்கள். எதிர்த்திசையில் ஒட்ட வழித்தால் வெட்டுப்பட்ட மயிர் சுருண்டு தோலுக்குள்ளேயே வளரும். கழுத்திலும் தாடையிலும் வரும் சிறு கட்டிகள் பல இப்படி வந்தவையே. பரு கடுமையாக உள்ள நாட்களில் கத்தரியால் தாடியைக் கட்டையாக வெட்டுவது நல்லது.

4. முகத்தில் வடியும் எண்ணெய். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் வெயிலில் உருகி நெற்றியிலும் கன்னத்தோரத்திலும் வடிகிறது. தலைக்குப் பூசும் களிம்பாலும் எண்ணெயாலும் நெற்றியில் பரு வருவதை அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1970ஆம் ஆண்டே எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் வைப்பதை விடச் சொல்லவில்லை. அளவாக வைத்து, நெற்றிக்கு இறங்காமல் பார்த்து, முழுகும் நாளில் சீயாக்காயோ ஷாம்புவோ போட்டுக் கழுவுங்கள். முகத்துக்கு எண்ணெய் பூசவே வேண்டாம். தலையணை உறையைக் கிழமைக்கு ஒரு முறையாவது தோய்த்து வெயிலில் காயவிடுங்கள்.

5. சீனித் தேநீரும் வெள்ளை மாவும். உணவுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்றே நீண்டகாலம் சொல்லப்பட்டது. அந்தக் கருத்து இப்போது மாறிவருகிறது. பப்புவா நியூகினியைச் சேர்ந்த கிடாவா என்ற தீவில் கிழங்கு, பழம், மீன், தேங்காய் உண்டு வாழும் 1,200 பேரை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஒருவருக்கும் பரு இல்லை என்று 2002இல் அறிவித்தார்கள். 2007இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் பருவுள்ள 43 இளைஞர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சீனியும் வெள்ளை மாவும் குறைந்த உணவு கொடுத்தார்கள். 12 கிழமையில் அந்தப் பிரிவினருக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. இரத்தத்தில் சீனி சடுதியாக ஏறும்போது இன்சுலின் கூடி, அது நெய்ச்சுரப்பியைத் தூண்டுகிறது என்பது விளக்கம். பாலும் சிலருக்குப் பருவைக் கூட்டுவதாகத் தெரிகிறது.

எமது இளைஞர்கள் நாளுக்கு நாலைந்து பால்மாத் தேநீர், ஒவ்வொன்றிலும் 3 கரண்டி சீனி, இடையிலே பணிஸ், மென்பானம் என்று வேலைக்களத்தில் காலந்தள்ளுகிறார்கள். சீனியைப் படிப்படியாக அரைவாசியாக்குங்கள். பணிஸுக்குப் பதிலாக அவித்த பயறு, கடலை, மரவள்ளி, குரக்கன், தவிடு போகாத சிவப்பரிசி, மீன், கீரை என்பவற்றைச் சேருங்கள். இவை எமது மண்ணிலும் கடலிலும் கிடைப்பவைதானே? உணவை மாற்றினால் மட்டும் எல்லாப் பருவும் போய்விடாது. ஆயினும் இம்மாற்றம் நீரிழிவிலிருந்தும் காக்கும்.

உடற்பயிற்சி நிலையங்களில் விற்கப்படும் பாற்புரத மாவும், தசை வளர்க்கும் ஊசியும் பருவைப் பெருக்கும். அந்த ஊசி இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதன் பக்கமே போகாதீர்கள்.

6. வேலையால் வரும் பரு. இரண்டாம் உலகப் போரில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பப்பட்ட இளம் படையினர் பலருக்கு முதுகிலும் தோளிலும் கொடிய பரு வந்ததை 1946இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். வியட்நாம் போரிலும் இதுவே நடந்தது. வெக்கை, வியர்வை, சுமைப்பட்டியின் உராய்வு ஆகிய மூன்றும் சேர்ந்ததே காரணம். நெல் மூட்டை, சீமெந்து மூட்டை சுமக்கிறவர்களுக்கும், தெளிகருவியை முதுகில் கட்டுகிறவர்களுக்கும், நாள் முழுவதும் தலைக்கவசத்தோடு மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கும் அதே நிலைதான். பட்டிக்கும் தோலுக்கும் இடையில் சுத்தமான பருத்தித் துணியை வையுங்கள். தலைக்கவசத்தின் உட்துணியையும் நாடிப் பட்டியையும் கழுவுங்கள். வேலை முடிந்ததும் குளித்து உடுப்பை மாற்றுங்கள். ஆனால் பருவுக்காகத் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஓடாதீர்கள்.

கை உழவு இயந்திரம் திருத்துகிறவர்கள், கராஜில் நிற்கிறவர்களுக்கு எந்திர எண்ணெயும் கிறீஸும் முன்கையிலும் தொடையிலும் துவாரங்களை அடைத்துப் பருவைத் தரும். எண்ணெய் ஊறிய சாறத்தை அடுத்த நாளும் உடுக்க வேண்டாம். பெற்றோலாலும் மண்ணெண்ணெயாலும் கை முகம் கழுவவே கூடாது.

இரசாயனப் பொருட்களால் வரும் இன்னொரு வகைப் பருவும் உண்டு. 1976இல் இத்தாலியின் செவேசோ என்ற ஊரில் இரசாயனத் தொழிற்சாலை விபத்தில் டயொக்சின் நஞ்சு பரவியபோது, பல சிறுவர்களின் முகம் கரும்புள்ளிகளால் நிறைந்தது. 2004இல் உக்ரேன் நாட்டின் அரசியல் தலைவர் யுஷ்சென்கோவின் முகம் விகாரமானதும் அதே நஞ்சினால்தான். ஒரே இடத்தில் வேலை செய்யும் பலருக்கு, கண்ணோரத்திலும் காதுக்குப் பின்னாலும் கரும்புள்ளிகள் கூட்டமாக வந்தால், அதைச் சாதாரணப் பரு என்று விட்டுவிடாமல் வைத்தியருக்குக் காட்டுங்கள். களைநாசினி, கிருமிநாசினி தெளித்த கையால் முகத்தைத் துடைக்காதீர்கள்.

7. பெயரில்லாக் கிறீம். எல்லாவற்றிலும் கொடியது இதுவே. வெளுக்க வைப்பதாகச் சொல்லி விற்கப்படும் கிறீம்கள் சிலவற்றில் பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகள் கலந்திருக்கின்றன. முதலில் சிவப்பும் வீக்கமும் அடங்கி முகம் வெளுப்பதால் நல்ல மருந்து என்று நம்புகிறோம். நாளடைவில் தோல் கடதாசி போல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, பரு முன்னையிலும் மோசமாக எழும். நிறுத்தினால் எரியும், எரிவு தாங்காமல் மீண்டும் பூசுவோம். கிணற்றடியில் நின்ற தம்பிக்கு நடந்தது இதுவே.

வேறு சில கிறீம்களில் பாதரசம் கலந்திருக்கும். அது தோலினூடாக உடலில் சேர்ந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசியவர் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது போய்ச்சேரலாம். எம்மைப் போல மீனை நம்பி வாழ்ந்த யப்பானின் மினமாற்றா ஊர், தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசத்தால் அழிந்த கதை 1956இல் வெளிவந்தது. அந்த ஊரின் பெயரிலேயே பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆயினும் சட்டம் கடைத்தட்டு வரை வந்து சேர நாட்கள் எடுக்கும். பெயர், தயாரித்தவர் முகவரி, உள்ளடங்கிய பொருட்கள், காலாவதித் திகதி என்னும் நான்கும் இல்லாத எதையும் முகத்தில் பூசாதீர்கள்.

எப்போது வைத்தியரிடம் போவது?

ஒரு சில பருக்கள் என்றால், மேலே சொன்ன மாற்றங்களோடு, பாமசியில் மருந்தாளரிடம் கேட்டு, வலுக் குறைந்த (2.5 வீத) பென்சொயில் பெரொக்சைட்டை இரவில் மெல்லியதாகப் பூசலாம். ஆரம்பத்தில் சற்றுக் காயும். துவாயையும் தலையணை உறையையும் அது வெளுக்கச் செய்யும். பழைய துணியைப் பாவியுங்கள்.

ஆழமான, நோவுள்ள கட்டிகள் வந்தாலோ, தழும்பு விழத் தொடங்கினாலோ, முதுகு நெஞ்செல்லாம் பரவினாலோ, பிள்ளை பள்ளிக்கோ வேலைக்கோ போக மறுத்தாலோ தாமதிக்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். சிகிச்சை இலவசம். தோல் நோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பூசிய கிறீம் டப்பாவையும் கொண்டுபோங்கள், ஒளிக்காதீர்கள். ஸ்டீரொயிட் கிறீமை எப்படி நிறுத்துவது என்று வைத்தியரே சொல்ல வேண்டும். பக்டீரியாவுக்கு எதிரான குளிசைகளை மற்றவர் சொன்னார் என்று வாங்கி விழுங்கவும் வேண்டாம், வைத்தியர் தந்ததைப் பாதியில் விடவும் வேண்டாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இன்று வெளியே தெரியும் பரு பல கிழமைகளுக்கு முன்னரே உள்ளே தொடங்கியது. ஆகவே எந்தச் சிகிச்சைக்கும் 2, 3 மாதம் பொறுமை வேண்டும். நெல்லே விளைய மூன்றரை மாதம் எடுக்கிறது. ஒரு கிழமையில் பலன் தருவதாகச் சொல்லும் எதையும் சந்தேகியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பகிடியாகக்கூடப் பிள்ளையின் பருவைச் சொல்லிக் காட்டாதீர்கள். கடுமையான பருவுள்ள இளைஞர்களிடையே மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது. உயிரை மாய்க்கும் எண்ணமும் சிலருக்கு வருவதுண்டு. பிள்ளை துவாயால் முகத்தை மூடினால், சாப்பாட்டுக்குத் தனியே போனால், கண்ணாடியை உடைத்தால், "இந்த வயசில எல்லாருக்கும் வாறதுதான்" என்று தட்டிக் கழிக்காமல் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

அந்தத் தம்பியைத் தாயும் நானுமாக வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனோம். கிறீமை விட்ட முதல் மாதம் முகம் இன்னும் மோசமாகியது. பல தடவை "ஏலாது பாதர்" என்றான். தாய் சீனித் தேநீரைக் குறைத்தார். தகப்பன் வீட்டில் ஆளுக்கொரு துவாய் வாங்கினார். ஐந்தாம் மாதம் எரிவு அடங்கி, புதுப் பரு குறைந்தது. கன்னத்தில் தழும்புகள் இருக்கின்றன. அவை முழுதாக மாறப்போவதில்லை. ஆனால் அவன் மீண்டும் வேலைக்குப் போகிறான். போன மாதம் மூதூர்ச் சந்தியில் கண்டபோது துவாய் தோளில் கிடந்தது. தூரத்திலிருந்தே கையைக் காட்டினான்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்றிரவு இதை அவனோடு சேர்ந்து வாசியுங்கள். வாசித்த பின்னர் வீட்டிலுள்ள கிறீம் டப்பாவை எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவருமாகப் பாருங்கள்.